கண்மாய் போன தடம்

முதலில் தவளைச் சத்தம்தான் கேட்டது. நூல் மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து, காதுக்குள் இன்னும் நூற்புக் கதிர்கள் சுற்றிக்கொண்டிருக்க, முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு முழம் ரோடுகூடத் தெரியாத மாசிப் பனியில் சைக்கிளை மிதித்து வந்துகொண்டிருந்தபோது, தவளை கத்தவே கூடாத வடக்குத் திசையிலிருந்து, பள்ளிக்கூட விளையாட்டு மைதானம் இருக்கிற பக்கத்திலிருந்து, ஊருக்கே கல்யாணம் என்பதுபோல் தவளைகள் கத்தின. பிறகு ஒரு நாரை இறக்கையை உதறுவது கேட்டது. பிறகு தண்ணீர் கரையை நக்குவது கேட்டது. பனி விலகியபோது பார்த்தேன், எங்கள் நாச்சியார்பேரிக் கண்மாய் மைதானத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. கோல் கம்பத்தின் மேல்கட்டை மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது, அதன்மேல் ஒரு நீர்க்காகம் சட்டை காயப்போட்டவனைப்போல இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது.

அவ்வளவு பெரிய கண்மாய் அந்தச் சின்ன மைதானத்துக்குள் எப்படி அடங்கியது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கூட்டமான பஸ்ஸில் மூன்றாவது ஆளாக ஒண்டிக்கொள்கிற பெண்ணைப்போல முழங்காலை மடக்கி, சேலையை இழுத்துச் செருகி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் அது உட்கார்ந்திருந்தது. தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு, அன்றைக்கு விளையாட்டுப் பீரியடை நீச்சல் பீரியடாக மாற்றினார். துவைக்கிறவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். வாத்துகள் வரிசையாக ரோட்டைக் கடந்தன, டவுன் பஸ் நின்று வழிவிட்டது. பழைய இடத்தில் வெடித்த சேறும், மடையும், மடையின் மேல் அரிவாளோடு மடைக் கருப்பசாமியும் மட்டும் மிஞ்சினார்கள்.

மறுநாள் அது மைதானத்தில் இல்லை. வெல்கம் நகர் என்று கலர்க்கல் நட்டிருந்த மனைகளில் இருந்தது. அதற்கும் மறுநாள் செங்கல் சூளைப் பள்ளத்தில் இருந்தது. ராத்திரியில் கிளம்பும், விடியுமுன் எங்காவது உட்கார்ந்துவிடும், நடக்கிறதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. பைபாஸ் ரோடு வரத்துக்கால்வாயை அறுத்ததால் கோபித்துக்கொண்டது என்றார்கள் சிலர், போன வருஷம் கரையில் பொங்கல் வைக்காததால் என்றார்கள் சிலர், எதுவாக இருந்தாலும் ஆக வேண்டியதைப் பார்க்கலாம் என்றார்கள் மிச்சப் பேர். மீன் குத்தகைக்காரர் வலையை மினி ஆட்டோவுக்கு மாற்றினார். கல்யாணப் பத்திரிகைகளில் ‘கண்மாய்க்கரை மண்டபம்’ என்பதற்குப் பக்கத்தில் ‘கண்மாய் எங்கிருந்தாலும் மண்டபம் பழைய இடத்திலேயே’ என்று அச்சடித்தார்கள். டீக்கடையில் ஒருவரையொருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்குப் பதிலாக, ‘இன்னைக்கு எங்க உக்காந்துருக்கு?’ என்று கேட்கிற வழக்கம் வந்தது.

எல்லோரும் பழகிக்கொண்டார்கள், என் மனைவி மாரீஸ்வரியால்தான் முடியவில்லை. கண்மாயின் தாமரை அவள் குத்தகை. தாமரை மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும், வெயில் பட்டு விரிந்தால் பூச்சந்தையில் தொடக்கூட மாட்டார்கள். இருட்டு பிரியும் நேரத்தில் லாரி டியூபில் மிதந்துபோய் மொட்டு பறித்து, நாரால் கட்டுக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி மதுரை பஸ்ஸில் ஏற்றுவதுதான் அவள் பிழைப்பு. இப்போது விடிகிற நேரமெல்லாம் கண்மாயைத் தேடுவதிலேயே போனது. அதைவிடப் பெரிய கவலை, நடக்க நடக்கக் கொடி அறுந்தது. ஒவ்வொரு நாளும் மொட்டு சிறுத்துக்கொண்டே வந்தது, கை நிறைய இருந்த மொட்டு, எலுமிச்சங்காய் அளவாகி, பாக்கு அளவாகிவிட்டது.

“இப்பிடியே நடந்துக்கிட்டு இருந்துச்சுன்னா கெழங்கு செத்துப்போகும்” என்றாள். “ஒரு எடத்துல உக்காரணும். அதும் தன் வீட்டுல வந்து உக்காரணும். வேற மண்ணு இந்தக் கொடிக்கு ஆகாது.”

நான் ராத்திரிக்காரன், அவள் விடியக்காலைக்காரி. நான் வாசலுக்குள் நுழைகிறபோது அவள் வாசலைத் தாண்டுவாள். எங்கள் குடும்ப வாழ்க்கையில் பெரும்பகுதி, நிலைப்படியில் வீட்டுச் சாவியைக் கைமாற்றிக்கொள்கிற நேரம்தான். பகலில் தூக்கம் வராமல் புரண்டு, கையில் கிடைத்ததையெல்லாம் படித்து, சாயங்காலம் மறுபடி மில்லுக்குப் போகிறவன் நான். கண்மாய் நடக்கத் தொடங்கிய பிறகு, அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பதால், ஷிப்ட் முடிந்து வருகிறவன் சாவியை வாங்காமல் அவளைக் கேரியரில் உட்காரவைத்து, காற்றடைத்த டியூபை மாலைபோலத் தோளில் மாட்டிக்கொண்டு, தவளைச் சத்தம் வருகிற திசையைப் பார்த்து மிதிக்கத் தொடங்கினேன். புறப்பட்டால் முதலில் மடைக்குத்தான் போவோம். முதல் நாள் பறித்ததில் ஒரு மொட்டைக் கருப்பசாமி காலடியில் வைக்காமல் அவள் எங்கேயும் வரமாட்டாள். அங்கிருந்துதான் தேடல்.

ஆரம்பத்தில் காது போதுமானதாக இருந்தது. கண்மாய் தூரமாகப் போகப் போக, காது போதவில்லை. அப்போதுதான் சைக்கிளில் மாட்டுகிற ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கலாம் என்ற யோசனை வந்தது.

யோசனை சொன்னவர் உரக்கடை சிங்கராஜா. தலைக்கவசமும் தொடை பிடிக்கிற டவுசருமாக விடியக்காலையில் மலையடிவாரம் வரை கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிற குழுவுக்கு அவர்தான் தலைவர். கேரியரில் மனைவியும் கழுத்தில் டியூபுமாகப் போகிற என்னைப் பார்த்து அவர் சிரித்ததே இல்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

“அய்யணா, காதை நம்பி எத்தனை நாளைக்கு ஓட்டுவ? பீர் முகமது கடைக்குப் போ. ஆனா ஒண்ணு, பெரிய ஸ்கிரீன்னு ஏமாந்துறாத. வெயில்ல தெரியணும், பேட்டரி நிக்கணும், கரை மேல குதிக்கும்போது கழண்டு விழக்கூடாது. மத்ததெல்லாம் அலங்காரம்.”

பீர் முகமது சைக்கிள் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கருவிகள் வரிசையாகத் தூங்கின.

“மாப்ள, கருவியத் தேர்ந்தெடுக்கறது பொண்ணு பாக்குற மாதிரி இல்ல. திருப்பிக் கொண்டாரலாம்” என்றான் பீர். “எடுத்துட்டுப் போயி ஓட்டிப் பாரு. சரிப்படலயா, அடுத்தது.”

முதலில் பெரியதாக, கலர்ப் படத்தோடு இருந்ததை எடுத்தோம். சிங்கராஜா சொன்னதைக் கேட்டுக்கொண்டே அதற்கு நேர்மாறாகச் செய்ததற்குக் காரணம், அந்தப் படத்தில் மலை பச்சையாகவும் ரோடு மஞ்சளாகவும் தெரிந்த அழகுதான். மடையில் மொட்டை வைத்துவிட்டு, ‘கண்மாய்’ என்று எழுத்தைத் தட்டினேன். கருவி கொஞ்சமும் யோசிக்கவில்லை. இடது, வலது, நேர் என்று அம்பு காட்டி, மூச்சு வாங்க வாங்க மிதிக்கவைத்து, பக்கத்து டவுன் பஸ் ஸ்டாண்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று மணியடித்தது.

மாரீஸ்வரி கேரியரிலிருந்து இறங்கி, புகை கக்குகிற பஸ்களையும், கட்டணக் கழிப்பிடத்தையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்க, பூப்பறிக்கக் கழிப்பிடத்துக்குள்ள எறங்கவா?”

“படத்துல நீலமாத்தான் போட்டுருக்கு.”

“படத்துல என்னையக்கூட ரதின்னு போடுவான். திருப்புங்க.”

அன்றைக்குக் கண்மாய் பாதி வழியிலேயே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாந்தோப்பில் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாமரைகள் எல்லாம் விரிந்து எங்களைப் பார்த்தன.

இரண்டாவது கருவி பேசும். தேன் மாதிரி ஒரு பெண் குரல். ஆனால் கண்மாய்க்கரை, வண்டிப்பாதை, ஒற்றையடிப்பாதை எதையும் அந்தக் குரல் ரோடு என்று ஒத்துக்கொள்ளவில்லை. நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவில் ஏற்றிவிட்டது, வயல் வரப்பில் இறங்கினால் ‘திரும்பிச் செல்லவும், திரும்பிச் செல்லவும்’ என்று ஓயாமல் சொன்னது.

“நீ சொல்றதுக்கெல்லாம் திரும்ப எனக்கு வேற வேலை இல்லையா?” என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து மாரீஸ்வரி அதனோடு சண்டை பிடித்தாள். “என்னங்க இவ, பேச்சுலயே ஆளைக் கொல்லுறா. எங்க சின்ன நாத்தனாருக்கு அக்கா மாதிரி இருக்கா.”

அதையும் திருப்பிக் கொடுத்தோம். பீர் முகமது தலையைச் சொறிந்தான், மேசை இழுப்பறையிலிருந்து, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பு வெள்ளையில் ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தான்.

“இது ஒண்ணுதான் பாக்கி. இதுல மேப்பே கெடையாது மாப்ள. பேசாது. எங்க போகணும்னு கேட்டா தெரியாது. நீ போன வழிய மட்டும் கோடு போட்டு வச்சுக்கும். வந்த வழியே திரும்பிப் போகணும்னா காட்டும். அவ்வளவுதான். யாரும் வாங்க மாட்டேங்குறாங்க.”

“போன வழியக் காட்டறதுக்கு ஒரு மிசினா?” என்றாள் மாரீஸ்வரி. “அதுக்குத்தான் மனுசனுக்கு ஞாபகம்னு ஒண்ணு இருக்கே.”

ஆனாலும் அவள்தான் அதைக் கையில் வாங்கினாள். வாங்கி, ஒரு மொட்டை எடை பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “எதையும் தெரிஞ்ச மாதிரி நடிக்கலையே” என்றாள். அதுதான் நாங்கள் கருவி தேர்ந்தெடுத்த கதை.

அதன்பிறகு காதையும் வாத்துகளின் கால்தடத்தையும் பால்காரர்களின் வாயையும் நம்பித்தான் தேடினோம், கருவி பாட்டுக்கு ஹேண்டில் பாரில் உட்கார்ந்து கோடு போட்டது. முதல் நாளே, பழைய இடம் எதற்காவது திரும்பியிருக்குமோ என்று மைதானம், வெல்கம் நகர், சூளை, மாந்தோப்பு எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருந்தோம். கண்மாயைக் கண்டுபிடித்ததும், எந்தக் கரையில் கொடி அடர்த்தி என்று பார்க்க ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். அவள் இறங்கிப் பறிப்பாள், நான் கரையில் உட்கார்ந்து வாழைநாரை நனைத்து மொட்டுகளைக் கட்டுவேன். வெயில் ஏறுமுன் ஒரு டீ. அந்த டீயைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. ராத்திரி முழுக்க இயந்திரங்களோடு நின்றுவிட்டு, பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவனுக்கு, ஈரச் சேலையோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மனுஷி ஊதி ஊதி டீ குடிக்கிறாள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எப்படிச் சொல்வது? மொட்டு சிறுத்துக்கொண்டு வந்ததை அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஆனால் கண்மாய் வீடு திரும்பிவிட்டால் இந்த டீ இருக்காது என்பதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஊரில் கிணறுகள் இறங்கத் தொடங்கின. முதலில் கீழத்தெருக் கிணறு, பிறகு கோயில் கிணறு. லாரியில் தண்ணீர் வந்தது. இப்போது யாரும் ‘இன்னைக்கு எங்க உக்காந்துருக்கு’ என்று சிரித்துக்கொண்டு கேட்பதில்லை. மொட்டு மிளகு அளவுக்குச் சுருங்கிய அன்றைக்கு, மாரீஸ்வரி எதையும் பறிக்காமல் கரையேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சைக்கிளிலிருந்து கருவியைக் கழற்றிப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாள். எதை அமுக்கினாளோ, அதுவரை போட்ட கோடுகள் எல்லாம் ஒரே திரையில் சேர்ந்து வந்தன.

“ஏங்க, இங்க பாருங்க.”

நாங்கள் சுற்றி வந்த கரைகள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வட்டமாக இருந்தன. நீளவாட்டத்தில் ஒரு வட்டம், கொஞ்சம் தள்ளி இடப்பக்கம் ஒன்று, அதற்கு மேலே வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடப்பக்கம் ஒன்று.

“இது காலடி” என்றாள். “இடது கால், வலது கால். ஈரக் காலோட தரையில நடந்து போன மாதிரி இருக்கு பாருங்க.”

நாங்கள் அந்தக் காலடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்த்தோம். பள்ளிக்கூட மைதானம், மழைக்காலத்தில் பிள்ளைகள் பலகைமேல் நடந்து வகுப்புக்குப் போகிற இடம். வெல்கம் நகர், மனை வாங்கியவர்கள் முதல் மழையிலேயே தலையில் அடித்துக்கொண்ட இடம். சூளைப் பள்ளம், மாந்தோப்பு, அதற்குப் பிறகு உட்கார்ந்த இடங்கள், எல்லாமே ஒரு மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கிற இடங்கள். தண்ணீர் நிற்கிற இடமென்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயை நிறைக்கும், அது அதற்கடுத்ததை நிறைக்கும், அப்படிக் கை கோத்து நின்ற வரிசையில் எங்கள் கண்மாய் ஒன்றுதான் மிச்சம், மற்றவையெல்லாம் மண்ணடித்து மனையும் மைதானமுமாகிவிட்டன.

“அது கோவிச்சுக்கிட்டுப் போகலங்க” என்றாள் மாரீஸ்வரி. “கூடப் பொறந்தவளுகளப் பாக்கப் போயிருக்கு. ஒவ்வொரு வீடா.”

காலடிகள் போகிற திசையில் விரலை வைத்து நீட்டினாள். விரல் போய் நின்ற இடம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

“பஸ் ஸ்டாண்டு” என்றேன்.

“அந்தக் கலர் மிசின் அன்னைக்குப் பொய் சொல்லலங்க. அதுவும் பழைய கண்மாய்தான். நாமதான் முந்திப் போயிட்டோம்.”

பிறந்தவீட்டுப் பக்கம் போன பெண் தானாகத் திரும்பி வரமாட்டாள், வீட்டிலிருந்து ஆள் போய்க் கூப்பிட வேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது, போன இடத்தில் ‘ஏன் வந்தாய்’ என்று கேட்கவே கூடாது. இது எங்கள் பக்கத்து முறை. இத்தனை நாளும் எல்லோரும் கண்மாயைத் தேடிப் போனோம், வலை வீசினோம், துவைத்தோம், பறித்தோம், ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை. இதை மாரீஸ்வரி டீக்கடையில் வைத்துச் சொன்னபோது, கிளாஸைக் கீழே வைத்த கைகள் அப்படியே நின்றன. ஊரே வெட்கப்பட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் விடியலில் ஊர் கிளம்பியது. சிங்கராஜாவின் குழு முன்னால் போனது, தொடை பிடித்த டவுசரும் தலைக்கவசமுமாக, ஹேண்டில் பாரில் தாம்பூலத் தட்டும், பட்டுச்சேலையும், ஒரு குலை வாழைப்பழமும். பின்னால் டிராக்டரில் பெண்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் போனபோது கண்மாய் அங்கே இருந்தது. மதுரை பஸ் டயர் முழுகாத கரைப்பக்கமும், தென்காசி பஸ் கொஞ்சம் ஆழத்திலும் நின்றன. கண்டக்டர்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, ‘செங்கோட்டை, செங்கோட்டை, ஆழம் கம்மி, ஏறு ஏறு’ என்று கூவினார்கள். டைம் கீப்பர் மேசைமேல் சம்மணம் போட்டு விசிலடித்தார்.

பஞ்சாயத்துத் தலைவர்தான் முதலில் பேசினார். துண்டைச் சரிசெய்துகொண்டு, “என்ன குறை வச்சோம்? ஏன் இப்படிச் சொல்லாம கொள்ளாம…” என்று தொடங்கியதும் தண்ணீர் ஓரடி பின்வாங்கியது.

“அண்ணாச்சி, ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாதுன்னு சொல்லித்தான கூட்டிட்டு வந்தோம்” என்று சிங்கராஜா அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

மாரீஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு இறங்கினாள். தட்டைத் தண்ணீர்மேல் வைத்தாள். பிறகு, துணி துவைத்துக்கொண்டே பக்கத்துக் கல்லில் இருப்பவளிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

“எல்லாரையும் பாத்தாச்சா? நல்லது. பாக்கணும்தான். வீட்டுல, கீழத்தெருக் கெணறு வத்திப்போச்சு. மேல வீட்டுக்காரம்மாவுக்குப் பேத்தி பொறந்துருக்கா, இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல. கருப்பசாமி மட்டும் தனியா வெயில்ல நிக்கிறாரு. தெனமும் ஒரு பூ வைக்கிறேன், ஆனா இன்னைக்கு வைக்க ஒண்ணும் இல்ல.” தண்ணீரைக் கையால் அளைந்தாள். “வாத்துக்கெல்லாம் கால் வலிக்குதாம். வாயேன்.”

தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. தட்டு மெல்ல ஒருமுறை சுற்றி, தாமரை இலைக்கடியில் போனது. தண்ணீர் எழுந்து நின்றதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருக்குமுன் ஒரு பெருமூச்சு விடுவார்களே, அது கேட்டது.

“வழி தெரியாது அதுக்கு” என்றாள் மாரீஸ்வரி, கேரியரில் ஏறிக்கொண்டே. “ராத்திரியெல்லாம் நடந்து வந்ததுதானே. வந்த வழியப் போடுங்க.”

நான் பொத்தானை அமுக்கினேன். மேப் இல்லாத, பேசாத, எதுவும் தெரிந்த மாதிரி நடிக்காத அந்தக் கருவி, நாங்கள் தேடித் தேடிப் போட்ட கோட்டை ஒவ்வொரு காலடியாகத் திருப்பிக் காட்டியது. நான் மிதித்தேன். முதுகுக்குப் பின்னால் தவளைச் சத்தம் வந்தது, பிறகு நாரைகளின் இறக்கைச் சத்தம், பிறகு நீளமான சேலை மண்ணில் இழுபடுவதுபோலத் தண்ணீரின் சத்தம். நான்குவழிச் சாலையில் லாரிகள், ரயில்வே கேட்டில் நிற்பதுபோல, இரண்டு பக்கமும் வரிசையாக நின்று எங்களுக்கு வழிவிட்டன. ஒரு டிரைவர் இறங்கிவந்து, கடந்து போகிற கண்மாயில் முகம் கழுவிக்கொண்டு கும்பிட்டார். மாந்தோப்பு, சூளை, வெல்கம் நகர், மைதானம். ஒவ்வொரு இடத்திலும் அது கொஞ்சம் தாமதித்தது, வாசலில் நின்று கடைசியாக ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறவர்களைப்போல. நாங்களும் நின்றோம். அவசரப்படுத்தவில்லை.

மைதானத்தைத் தாண்டியாயிற்று. இன்னும் கொஞ்ச தூரம்தான், அதன்பிறகு மறுபடி நிலைப்படியும் சாவியும். மெதுவாக மிதித்தேன். அவள் என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். மடை வந்தது. கண்மாய் எங்களைக் கடந்து இறங்கி, வெடித்த சேற்றில் முதலில் ஒரு காலை வைத்து, பிறகு மடக்கி வைத்திருந்த முழங்கால்களை எல்லாம் நீட்டி, கரைக்குக் கரை படுத்தது. கருப்பசாமியின் காலடி நனைந்தது.

கிணறுகள் ஊறின. பேத்திக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கருவியை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான் பீர் முகமது, விலை கேட்டதற்கு, ‘கடையில சும்மா தூங்கினது, ஒரு வேலைக்கு உதவுச்சே’ என்றான். மீன் குத்தகைக்காரர் முதல் பிடியை ஊருக்குக் கொடுத்தார். பங்குனிக் கடைசியில் ஒருநாள், ஷிப்ட் முடிந்து வந்து, சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நான் வாசலுக்கு வந்தேன். மாரீஸ்வரி டியூபைத் தூக்கி என் தோளில் மாட்டினாள்.

“சைக்கிள எடுங்க. கண்மாய் எங்க இருக்குன்னு பாத்துட்டு வருவோம்.”

“வீட்டுக்குப் பின்னாலதான இருக்கு.”

“தெரியும்” என்றாள். “சுத்திப் போவோம்.”

கருவி சிக்னலைப் பிடிக்கும்வரை காத்திருந்து, மைதானம், வெல்கம் நகர் எல்லாம் தொட்டு, கரையை முழுதாக ஒரு வட்டம் வந்து இறங்கினோம். அவள் டியூபில் ஏறி, கைகளால் துழாவி இலைகளுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் முதல் மொட்டு கரைக்கு வந்து விழுந்தது, எலுமிச்சங்காய் அளவு. அதைக் கருப்பசாமிக்கென்று தனியே எடுத்து வைத்தேன். டீக்கடையில் பால் பொங்குகிற வாசம் வந்தது. நான் வாழைநாரைத் தண்ணீரில் முக்கி, உருவி, தொடைமேல் போட்டுக்கொண்டு, அடுத்து வந்த மொட்டுகளைக் காம்பு சரிபார்த்துக் கட்டத் தொடங்கினேன்.